நீலம் அழித்த ஜன்னல்

சாந்த உர்சுலா, அலென்தேஜு
மார்ச் 2

அன்பு மகள் சிதாலியாவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பிரிக்கும்போது நீ சுகமாக இருக்க வேண்டும். நான் முழங்கால் நீங்கலாக சுகம்.

இதுவரை என் பெயரில் உனக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்லச் சொல்ல சுல்மீரா எழுதியது. உன் கடிதங்களையும் அவள்தான் தன் சாப்பாட்டுக் கடையில் கை துடைத்துவிட்டு எனக்கு வாசித்துக் காட்டுவாள். பக்கத்து மேஜையில் எவாரிஸ்து காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இந்தக் கடிதம் அப்படி இல்லை. முதியோர் வகுப்பு டீச்சர்கூட இதைப் பார்க்கவில்லை. முதல் எழுத்திலிருந்து கடைசிவரை என் கைதான். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று எழுதுகிறேன். எழுதி முடித்த வரியைத் திரும்பப் படித்தால் நான் நினைத்ததே அங்கே இருக்கிறது. எழுபத்தைந்து வயதில் இது எனக்குக் கிடைத்ததே என்று யாருக்கு நன்றி சொல்வது என்றுகூடத் தெரியவில்லை.

போனில் பேசலாம்தான். ஆனால் நீ கத்தினால்தான் எனக்குக் கேட்கிறது. லக்ஸம்பர்கில் உன் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? பேச்சு கடிதத்தில் வரட்டும். நீ கொடுத்த போனில் படம் மட்டும் வரும். அதை அனுப்பும் பொத்தான் எனக்குத் தெரியும்.

இப்போது விஷயம். சுல்மீராவின் மகன் நெல்சன், கடையை மூடிவிட்டுத் தான் இருக்கும் துலூஸ் நகரத்துக்கு வந்துவிடச் சொல்கிறான். கடைக்கு ஆள் வருவதில்லை, உண்மைதான். நானும் எவாரிஸ்துவும் இன்னும் சிலரும்தான். நகரசபை அக்டோபர் மாதத்துக்குச் சாப்பாட்டுக் கடைகளின் புத்தகம் ஒன்று போடுகிறது. அதில் பெயர் வந்தால் எவோரா நகரத்திலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். வராவிட்டால் அக்டோபர் கடைசியில் கிளம்பிவிடுவதாக அவள் நெல்சனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். ஆகஸ்ட் முடிவதற்குள் ஆறு படங்கள் அனுப்ப வேண்டும். போன வருடம் எவாரிஸ்து ஃப்ளாஷ் போட்டு எடுத்து அனுப்பினான். ஆட்டுக்கறிக் குழம்பு, டிராக்டருக்கு அடியில் வைக்கும் எண்ணெய்த் தட்டு மாதிரி இருந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இந்த முறை நான் எடுக்கிறேன் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். சாப்பாட்டைப் படம் எடுப்பதுதானே உன் வேலை. சொல்லிக் கொடு. கடை மூடினால் எனக்கு சூப்புக்கு வழியில்லை.

தன் கையால் எழுதிய உன் அப்பா,
ஃபிர்மீனு


லக்ஸம்பர்க்
மார்ச் 19

அன்புள்ள அப்பா,

நான் நலம். இங்கே இன்னும் குளிர்தான். முழங்காலுக்குக் கம்பளித் துணி சுற்றிக்கொள்ளுங்கள், வெறும் சுருட்டுப் புகையால் அது சரியாகாது.

உங்கள் கடிதத்தை அலுவலகத்துக்குப் போகும் ரயிலில் வைத்துப் படித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது. உங்கள் எழுத்து எப்படி இருக்கும் என்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. நிமிர்ந்து நிற்கிறது, உங்களைப் போலவே. இனி நான் எழுதுவதை நீங்கள் மட்டும்தான் படிப்பீர்கள் என்பது எனக்குப் புதிதாக இருக்கிறது. என்னென்னவோ எழுதலாம் போல இருக்கிறது.

போனில் நீங்கள் அனுப்பிய, எவாரிஸ்து மாமா எடுத்த பழைய படத்தைப் பார்த்தேன். ஒரேயடியாக எல்லாம் சொல்ல மாட்டேன். முதலில் சாப்பாட்டைப் பார்க்காதீர்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மேலே எரியும் ட்யூப் லைட்டை அணைத்துவிடுங்கள். அது தலைக்கு மேலிருந்து எல்லாவற்றையும் தட்டையாக்கும், பச்சையாகவும் ஆக்கும். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். தட்டை ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வையுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் வர வேண்டும். நேர் வெயில் படக் கூடாது. இப்போதைக்கு இவ்வளவு போதும்.

அம்மா இருந்திருந்தால் நீங்கள் கைபேசியோடு அலைவதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

அன்புடன்,
உங்கள் சிதாலியா


சாந்த உர்சுலா
ஏப்ரல் 11

என் சிதாலியாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உனக்குச் சளி கிளி இல்லையே? கம்பளித் துணி சுற்றினேன், கால் சொன்னபடி கேட்கிறது. அதற்கும் நன்றி.

நீ சொன்னபடி லைட்டை அணைத்தேன். அணைத்ததுமே உள்ளேயிருந்து சுல்மீரா, "என்ன, கரண்ட் போச்சா?" என்றாள்.

"நான்தான் அணைச்சேன். மகள் சொன்னா."

"உங்க மக லக்ஸம்பர்க்ல உக்காந்துக்கிட்டு என் கடை லைட்ட அணைக்கிறாளா?"

எவாரிஸ்து சும்மா இருப்பானா? "விடு சுல்மீரா. இருட்டா இருந்தா உன் குழம்புல கறி எங்கன்னு யாரும் தேட மாட்டான். உனக்கு லாபம்தானே" என்றான்.

"உனக்கு இன்னிக்குக் கறியே கிடையாது, போ. வெறும் சாறக் குடிச்சிட்டுப் போ."

அவன் தட்டில் உண்மையிலேயே கறி விழவில்லை. நான் என் தட்டிலிருந்து ஒரு துண்டு கொடுத்தேன்.

நேர் வெயில் கூடாது என்று நீ எழுதியதைப் படிக்கும் முன்பே ஒன்று எடுத்திருந்தேன். உச்சி வெயிலில் வாசற்படியில் வைத்து எடுத்தது. முட்டை கண்ணைக் குத்துகிறது, கிண்ணத்தின் மறுபக்கம் கிணறு மாதிரி இருக்கிறது. தவறு என்றால் என்ன என்று கண்ணால் பார்க்க அது உதவியது.

பிறகு ஜன்னல் பக்கம் வைத்தேன். அசோர்தா தான், அவள் சூப்புகளிலேயே எனக்குப் பிடித்தது. பூண்டும் கொத்தமல்லியும் உப்பும் இடித்து, எண்ணெய் விட்டு, வெந்நீர் ஊற்றி, பழைய ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, மேலே ஒரு முட்டை. வெளிச்சம் அழகாகப் பக்கத்திலிருந்து வந்தது. ரொட்டியின் ஒவ்வொரு துளையும் தெரிந்தது. அப்படியே குனிந்து பார்த்தேன், மகளே. எத்தனை வருடமாகச் சாப்பிடுகிறேன், இதைப் பார்த்ததே இல்லை.

ஆனால் ரொட்டி நீலமாக இருக்கிறது. கண்ணுக்கு வெள்ளை, படத்தில் நீலம். முட்டையின் ஓரமும் நீலம். சுல்மீரா அதைப் பார்த்து, "செத்தவன் கை மாதிரி இருக்கு, அழிங்க" என்றாள். அழித்துவிட்டேன், ஆனால் உனக்கு அனுப்பிய பிறகுதான். ஏன் நீலம்?

உன் அப்பா, சொந்தக் கையெழுத்தில்,
ஃபிர்மீனு


லக்ஸம்பர்க்
ஏப்ரல் 27

அன்புள்ள அப்பா,

நலமா? எவாரிஸ்து மாமா நலமா? அவருக்கு இப்போதாவது கறி கிடைக்கிறதா?

நீலம் எங்கிருந்து வந்தது என்று அரை நாள் யோசித்தேன். உடன் வேலை செய்பவர்களிடம் காட்டினேன். கைபேசியில் கோளாறு என்றார்கள். மாலையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது சட்டென்று விளங்கியது. ஈரக் கையோடு தனியாக நின்று சிரித்தேன். ஜன்னல் பட்டை அப்பா! நம் ஊர் ஜன்னலைச் சுற்றிப் பூசும் நீலப் பட்டை. சுவர் முழங்கை நீளம் கனம். உள்விளிம்பு வரை நீலம் பூசியிருப்பார்கள். வெளிச்சம் அதில் பட்டுத்தான் உள்ளே வருகிறது. வரும்போது நீலத்தையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு வந்து ரொட்டியில் இறக்கிவிடுகிறது. நம் கண் பழகிப்போய் அதைக் கழித்துவிடும். கேமரா கழிக்காது. இந்தத் தவறை உலகத்தில் நம் ஊர்க்காரர்கள் மட்டும்தான் செய்ய முடியும்.

படம் எடுக்கும் நேரம் மட்டும் அந்த விளிம்பில் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிடுங்கள். இன்னொன்று. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் தட்டின் பாதி இருட்டாக இருக்கும். அந்தப் பக்கம் வெள்ளையாக எதையாவது பிடித்தால் வெளிச்சம் திரும்பி வந்து இருட்டை மெத்தென்று ஆக்கும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு தட்டருகே நிற்காதீர்கள், அது வெளிச்சத்தைக் குடித்துவிடும்.

உங்கள் கடிதங்களுக்காகத் தபால் பெட்டியைத் தினமும் திறந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
சிதாலியா


சாந்த உர்சுலா
மே 18

அன்பு மகளுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? நான் நலம். ஆனால் உன் கடிதத்தால் இங்கே ஒரு சண்டை நடந்து, முடிந்தும்விட்டது. உன்மேல் குற்றமில்லை.

நீ துணி தொங்கவிடச் சொன்னாய். நான் யோசித்தேன், தினம் தினம் துணி எதற்கு? சுண்ணாம்பு என்னிடம் வாளி நிறைய இருந்தது. விடிந்ததும் போய், அவள் கடை திறப்பதற்குள், ஜன்னல் உள்விளிம்பு, வெளிப்பட்டை எல்லாவற்றையும் வெள்ளை அடித்துவிட்டேன். ஈஸ்டருக்கு முன்னால் அவள் ஏணியில் ஏறித் தன் கையால் பூசிய நீலம். அது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

அவள் வந்து நின்றாள். தலையிலிருந்த துணியை இறக்கினாள்.

"யாரு செஞ்சது இது?"

"நான்தான்."

"யாரைக் கேட்டு?"

"வெளிச்சத்துக்காக, சுல்மீரா. ரொட்டி நீலமா…"

"கண்ணு மைய அழிச்ச மாதிரி நிக்குது என் ஜன்னல். இந்தத் தெருவுல நீலம் இல்லாத ஜன்னல் எது சொல்லுங்க? ஆள் இல்லாத வீடுதான். போறவன் வர்றவன் எல்லாம், சுல்மீரா கடைய மூடிட்டுக் கிளம்பிட்டாளான்னு கேப்பான். இதுக்குத்தான் இவ்வளவு பாடுபடுறீங்களா?"

அவள் சொன்னது சரி. அன்று காலையே ரொட்டி வண்டிக்காரன் கடையைப் பார்த்துவிட்டு நிற்காமல் போய்விட்டான். அதற்குப் பிறகு அவள் எனக்குக் கதவைத் திறக்கவில்லை. வீட்டில் டின் மத்தி மீனும் வெங்காயமும் தின்றேன். அது என்ன சாப்பாடு.

பிறகு ஒரு மதியம், எவாரிஸ்து சாப்பிட உட்கார்ந்ததும், நான் வெளியிலிருந்து ஜன்னல் வழியாகவே கையை நீட்டி அவன் கிண்ணத்தைப் படம் எடுத்தேன். அவன் கரண்டியைத் தூக்கிக்கொண்டே, "சாப்பிட விடுறா டேய்" என்றான். போனை உள்ளே நீட்டினேன். சுல்மீரா வாங்கிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இது என் அசோர்தாவா?"

"உன்னோடதுதான்."

"முட்டை இவ்வளவு மஞ்சளா எப்பவும் இருந்துச்சா?"

"எப்பவும் இருந்துச்சு. ட்யூப் லைட்டுக்குத்தான் தெரியல."

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். போய்க் கதவைத் திறந்தாள். "உள்ள வாங்க, ஜன்னல் வழியா கை நீட்டுறது திருடன் மாதிரி இருக்கு" என்றாள். ரொட்டி வண்டிக்காரனுக்காகக் கதவில் 'திறந்திருக்கிறது' என்று ஓர் அட்டை தொங்கவிட்டிருக்கிறோம். அதை எழுதியது நான்.

இப்போது ரொட்டிப் பலகையில் வெள்ளைத் துணி சுற்றி எதிர்ப்பக்கம் பிடிக்கிறோம். இரண்டு கையும் எனக்குப் போனுக்கே வேண்டியிருப்பதால் அவள் பிடிக்கிறாள். கறுப்பு வேண்டாம் என்றாயே, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகிறேன். எவாரிஸ்து, "யாருக்குடா கல்யாணம்?" என்கிறான்.

"கறுப்பு வெளிச்சத்தைக் குடிச்சிடுமாம்."

"அது சரி. ஷேவிங் எதுக்கு? தாடியும் குடிக்குதா?"

அவனுக்கு வேறு வேலை இல்லை. சுறாமீன் சூப் படம் ஒன்றை இன்று அனுப்புகிறேன். பக்கத்தில் அவள் வீட்டு வெள்ளிக் கரண்டியை வைத்தோம், பளபளவென்று இருக்கிறது. எப்படி இருக்கிறது என்று உடனே எழுது.

நன்றியுடன் உன் அப்பா, தன் கையால்,
ஃபிர்மீனு


சாந்த உர்சுலா
ஜூன் 30

அன்பு சிதாலியாவுக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். வேலை அதிகமாக இருக்கும். இங்கே வெயில் வந்துவிட்டது. தெரு முழுவதும் ஜன்னல் கதவுகளைச் சாத்திவிட்டார்கள்.

சுறாமீன் படம் வந்ததா? போன் 'போய்விட்டது' என்றுதான் காட்டுகிறது. கடிதமும் போயிருக்க வேண்டும். ஒருவேளை தபாலில் தாமதம்.

ஜன்னலைச் சாத்தினால் வெளிச்சமே இல்லை. முழுதாகத் திறந்தால் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி. அதனால் காலையில் சீக்கிரம் போய், கதவை ஒரு கை அகலம் மட்டும் திறந்து வைத்து எடுக்கிறேன். மெல்லிய திரை ஒன்றை அவளே தைத்துக் கொடுத்தாள், தையல் கொஞ்சம் கோணல். அதன் வழியாக வரும் வெளிச்சம் பால் மாதிரி இருக்கிறது. மூன்று படம் தேறிவிட்டது. கொத்தமல்லியைக் கடைசியில் போட்டால்தான் வாடாமல் நிற்கிறது. அதுவும் நானே கண்டுபிடித்தது.

நெல்சன் போன் செய்தான். துலூஸில் அவளுக்கென்று வைத்திருக்கும் அறைக்குப் புது வர்ணம் அடித்துவிட்டானாம். "உனக்குப் பிடிச்ச மஞ்சள்மா" என்றானாம். இவளுக்கு மஞ்சள் பிடிக்காது. அவனிடம் அதைச் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாள்.

உனக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒரு வரி போதும்.

உன் அப்பா
ஃபிர்மீனு


லக்ஸம்பர்க்
ஜூலை 29

அப்பா,

படம் மே மாதமே வந்துவிட்டது. கரண்டியில் நீங்கள் இருவரும் தெரிகிறீர்கள். பளபளப்பான பொருள் எதிரில் நிற்பதையெல்லாம் காட்டிவிடும். படத்தில் சாப்பாடு மட்டும்தான் இருக்க வேண்டும். கரண்டியை எடுத்துவிடுங்கள்.

நீங்கள் போட்டிருப்பது என் கல்யாணத்துக்கு அம்மா இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை.

சிதாலியா


சாந்த உர்சுலா
ஆகஸ்ட் 9

அன்பு மகள் சிதாலியாவுக்கு,

நீ நலமா? நான் நலம். முழங்காலைப் பற்றி நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன், பரவாயில்லை.

உன் கடிதம் சிறியது. சீக்கிரம் படித்துவிட்டேன். எழுத்துக் கூட்டிப் படிக்கும் எனக்கே சீக்கிரம் முடிந்துவிட்டது. பிறகு பலமுறை படித்தேன். முன்பென்றால் யாராவது வாசித்துக் காட்டுவார்கள், கடினமான இடத்தில் குரலைத் தாழ்த்துவார்கள். நானே படிக்கும்போது தாழ்த்த ஆள் இல்லை. ஆனாலும் என் கண்ணாலேயே படித்ததற்காகச் சந்தோஷப்படுகிறேன். நீ எனக்கு மட்டும் எழுதிய கடிதம் அது.

அந்தச் சட்டையின் காலரை உன் அம்மா லுசிந்தா இரண்டு முறை திருப்பித் தைத்திருக்கிறாள். போடும்போதெல்லாம் கழுத்தில் அந்தத் தையல் படும். அதை மறந்துவிட்டுப் போடவில்லை மகளே. என்னிடம் இருப்பதில் நல்ல வெள்ளை அதுதான்.

கரண்டியை எடுத்துவிட்டேன். பலகையைப் பிடிக்க ஆள் வேண்டும். ஆளை எடுக்க முடியவில்லை.

ஐந்து படம் ஆகிவிட்டது. ஆட்டுக்கறிக் குழம்பு மட்டும் வர மறுக்கிறது. எப்படி வைத்தாலும் சேறு. போன வருடம் திருப்பி அனுப்பியதும் அதைத்தான். அது இல்லாமல் அனுப்பலாம் என்று அவளிடம் சொன்னேன். "அது இல்லாம என் கடை ஏது?" என்றாள். மாதம் முடிய அதிக நாள் இல்லை. பழுப்பு நிறச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று உனக்குத் தெரிந்தால் எழுது. எழுத முடியாவிட்டாலும் நீ இதுவரை சொன்னதே பெரிய உதவி.

உன் அப்பா, தன் கையால்,
ஃபிர்மீனு


லக்ஸம்பர்க்
ஆகஸ்ட் 18

அன்புள்ள அப்பா,

எப்படி இருக்கிறீர்கள்? முழங்கால் எப்படி இருக்கிறது? இந்த வெயிலில் தொப்பி இல்லாமல் வெளியே போகாதீர்கள். தண்ணீர் குடியுங்கள்.

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். பழுப்புக் குழம்புக்கு வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும். தட்டை உங்களுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் வையுங்கள். கொஞ்சம் ஓரமாக, நேர் பின்னால் அல்ல. அப்போது குழம்பின் மேலுள்ள எண்ணெயில் வெளிச்சம் வழுக்கி உங்கள் பக்கம் வரும், கறி ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நிற்கும். எடுப்பதற்கு முன் ஒரு கரண்டி சூடான குழம்பை மேலே ஊற்றுங்கள், காய்ந்திருந்தால் உயிர் வராது. ஒரு பக்கம் வெள்ளைப் பலகை. மறுபக்கம் கறுப்புத் துணி ஒன்றை மடித்து நிறுத்துங்கள். எல்லா இருட்டும் கெட்டதல்ல. பழுப்பு நிறத்துக்குக் கொஞ்சம் இருட்டு பக்கத்தில் இருந்தால்தான் ஆழம் வரும்.

பலகை பிடிப்பவரை நிற்க வைக்காதீர்கள். கடைசியாக வந்த இரண்டு படங்களிலும் பலகையின் ஓரம் கலங்கித் தெரிகிறது, கை வலித்திருக்கும். ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள். முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொள்ளட்டும்.

கரண்டிப் படத்தை நான் அழிக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் சிதாலியா


சாந்த உர்சுலா
அக்டோபர் 30

என் அன்பு மகளுக்கு,

நலமா? இங்கே முதல் மழை வந்துவிட்டது, எல்லோரும் சுகம். நீண்ட கடிதம் இது. இரண்டு பேனா மாற்றினேன்.

குழம்புப் படம் உன் வார்த்தைப்படியே வந்தது. நீ பார்த்து, 'இதைத் தொடாதீர்கள், அப்படியே அனுப்புங்கள்' என்று போனில் எழுதியிருந்தாயே, அந்த வரியை சுல்மீரா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள். நாற்காலியும் போட்டேன். "யாரு சொன்னா உக்காரச் சொல்லி?" என்றாள். நீ என்றேன். உட்கார்ந்தாள்.

செப்டம்பரில் நகரசபையிலிருந்து ஓர் அம்மாள் சோதிக்க வந்தார். வந்தது சாயங்காலம், ட்யூப் லைட் எரிகிற நேரம். குழம்பை வைத்தோம். அவர் தட்டைப் பார்த்தார், கையிலிருந்த படத்தைப் பார்த்தார்.

"நான் படத்துல பார்த்தது இது இல்லையே. இது மண்ணு மாதிரி இருக்கு. வேற எங்கயாவது எடுத்த படமா?"

நான் போனைத் தேடினேன். எவாரிஸ்து கரண்டியைக் கீழே வைத்தான். சுல்மீராதான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, நீங்க விளக்கு வச்ச நேரத்துல வந்திருக்கீங்க. நாளைக்கு மத்தியானம் வாங்க. அந்த ஜன்னல் பக்கத்துல உக்காருங்க. அப்பவும் மண்ணு மாதிரி இருந்தா, நானே கடையப் பூட்டிச் சாவிய உங்க கையில குடுக்குறேன்."

மறுநாள் அவர் வந்தார், அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். வராமலே எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஜன்னலோரம் உட்கார்ந்தார். தட்டை அவரே கொஞ்சம் திருப்பினார், வெளிச்சம் வரும் பக்கமாக. பிறகு படத்தைப் பார்க்கவே இல்லை. ரொட்டியால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். அன்று மாலையே எல்லா மேஜையையும் ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுவிட்டோம்.

புத்தகம் வந்தது. ஆறில் ஒரு படம்தான் போட்டிருக்கிறார்கள், குழம்பு. உள்ளங்கை அளவு. போதும். அக்டோபர் ஞாயிற்றுக்கிழமைகளில் ரொட்டி தீர்ந்துபோய் எவாரிஸ்து வீடு வீடாகப் போய் வாங்கி வந்தான்.

போன வாரம் நெல்சன் கார் எடுத்துக்கொண்டு வந்தான்.

"அம்மா, பெட்டி எங்க?"

"பெட்டி எதுக்கு? உக்காரு, சாப்பிடு."

"அக்டோபர் கடைசின்னு பேசியிருந்தோமே."

"புத்தகத்துல வரலைன்னாத்தானே. வந்துடுச்சே."

அவன் கெட்ட பையன் இல்லை. தாயைத் தனியாக விட்டிருப்பது அவனைத் தூங்கவிடாமல் செய்கிறது. நன்றாகச் சாப்பிட்டான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"புத்தகம் ஒரு மாசத்துக்குத்தான்மா. நவம்பர்ல யாரு வருவா?"

அவன் கேட்டது எனக்கும் தெரிந்த கேள்விதான். மழை ஆரம்பித்துவிட்டால் எவோராவிலிருந்து யார் வருவார்கள்? இத்தனை மாதம் நான் எதற்காக வெளிச்சத்தைத் துரத்தினேனோ, அது அந்த ஒரு கேள்வியில் போய்விடும் என்று நினைத்தேன்.

சுல்மீரா அவனுக்கு இன்னொரு அகப்பை குழம்பு ஊற்றினாள். "நவம்பர்ல இவர் வருவார்" என்று கரண்டியை என் பக்கம் நீட்டினாள்.

"அப்புறம்?"

"டிசம்பர்லயும் இவர் வருவார்."

நெல்சன் என்னைப் பார்த்தான். நான் என் தட்டைப் பார்த்தேன். எவாரிஸ்து சூப் புரையேறி இருமினான். இருமல் நின்றதும் நெல்சன், "இவருக்கு ரொட்டி வேணும் போல, வைம்மா" என்றான். எனக்கு ரொட்டி இருந்தது. இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் அவன் கார் நிறைய ஆலிவும் சீமை மாதுளை ஜாமும் ஏற்றிக்கொண்டு தனியாகத் திரும்பினான்.

இதையெல்லாம் உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உனக்கு எப்படி இருக்கும் என்றும் தெரியவில்லை.

உன் அப்பா, தன் கையால்,
ஃபிர்மீனு


லக்ஸம்பர்க்
நவம்பர் 10

அன்புள்ள அப்பா,

நலமாக இருக்கிறேன். மழையில் முழங்கால் படுத்துகிறதா? புது முழங்கால் உறை ஒன்று அனுப்பியிருக்கிறேன். சுருட்டைக் குறையுங்கள்.

நவம்பரில் யார் வருவார், டிசம்பரில் யார் வருவார் என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அம்மா போன பிறகு நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள், யாரோடு சாப்பிடுகிறீர்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் வர வேண்டியிருக்குமோ என்ற பயம். நான் வராத மதியங்களில் உங்களுக்கு ஒருவர் சூப் வைத்திருக்கிறார். என் கடிதங்களையும் வாசித்துக் காட்டியிருக்கிறார். அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். நேரில் சொல்வதுதான் சரி. டிசம்பர் இருபதாம் தேதி வருகிறேன்.

அதற்கு முன் ஒன்று. எனக்கு முட்டையும் சுறாவும் குழம்பும் அனுப்பினீர்கள், ஒரு முகம் அனுப்பவில்லை. கரண்டியில் பார்த்ததைக் கணக்கில் எடுக்க முடியாது, கரண்டி எல்லோருக்கும் கன்னத்தை வீங்க வைக்கும். அவரை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து ஒரு படம் எடுங்கள். சாப்பாட்டுக்குச் சொன்னதெல்லாம் முகத்துக்கும் பொருந்தும். லைட்டை அணையுங்கள். வெளிச்சம் பக்கத்திலிருந்து வரட்டும். பலகையை இந்த முறை எவாரிஸ்து மாமா பிடிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் சிதாலியா


சாந்த உர்சுலா
நவம்பர் 24

என் சிதாலியாவுக்கு,

நீ சுகமாக வந்து சேர வேண்டும். உறை வந்தது, அளவு சரி. கால் என்னுடையது போலவே இல்லை, யாரோ இளைஞனுடையது போல நடக்கிறது.

உன் கடிதம் வந்த அன்றே போனை எடுத்துக்கொண்டு போனேன். சுல்மீரா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் பக்கம் உட்கார் என்றேன்.

"என்னை எதுக்கு? நான் என்ன பண்டமா?"

"சிதாலியா கேட்டிருக்கா."

கத்தி நின்றது. "சிதாலியாவா?"

"அவளேதான். டிசம்பர்ல வர்றா."

இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்தாள். கையைக் கழுவினாள், வெங்காய வாசம் படத்தில் தெரியும் என்பது போல இன்னொரு முறையும் கழுவினாள். தலையை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "என்ன சாப்பிடுவா உங்க மக? சின்னதுல கொத்தமல்லி ஆகாதுன்னு சொல்லுவீங்களே, இப்ப சாப்பிடுவாளா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. எழுது.

எவாரிஸ்து பலகையைப் பிடித்துக்கொண்டு, "கை வலிக்குது, சீக்கிரம்டா. எனக்கு யாரும் நாற்காலி போட மாட்டீங்களா?" என்று புலம்பினான். வெளியே மழை விட்டு வானம் வெளுத்திருந்தது. ட்யூப் லைட்டை அணைத்தேன். வெளிச்சம் அவள் இடது கன்னத்தில் மெதுவாக வந்து உட்கார்ந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, போனைத்தான் பார்த்தாள், நீ அதற்குள் இருப்பது போல.

ஒன்றுதான் எடுத்தேன். இந்தக் கடிதம் வருவதற்கு முன்பே அது உன்னிடம் வந்திருக்கும். நீ இதுவரை சொன்ன திருத்தம் ஒவ்வொன்றுக்கும் நன்றி, மகளே. இந்தப் படத்தில் ஏதாவது திருத்தம் இருந்தால் எனக்குச் சொல்லாதே.

உன் அப்பா, தன் கையால்,
ஃபிர்மீனு